எடை போடுகிறவள் தராசை விட்டு இறங்கிய கதை

1. கடைசி அச்சு

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற வழியில் ஒரு கண்டெய்னர் யார்டு. அதன் வே-பிரிட்ஜில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். வே-பிரிட்ஜ் என்றால் லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் இரும்பு மேடை. பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், எடையைக் காட்டும் ஒரு இண்டிகேட்டர், நான். என் பெயர் ரெஜினா, ஊர் ராயபுரம். இந்த வேலையை எப்படிச் செய்தேன் என்று எழுதச் சொன்னார்கள். ஒரு நாள் எப்படிச் செய்யாமல் விட்டேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. முருகேசன் நாற்பதடி ட்ரெய்லரை மேடையில் ஏற்றி நிறுத்தினார். எங்கள் யார்டிலேயே பதினைந்து வருடப் பழக்கமுள்ள டிரைவர். அன்றைக்கு அவசரத்தில் ஒரு முழம் முன்னாலேயே பிரேக் போட்டுவிட்டார். கடைசி அச்சு மேடைக்கு வெளியே தரையில் நின்றது. அச்சு வெளியே நின்றால் அதன் மேலிருக்கும் பாரம் எடையில் சேராது. கேமராவில் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும், அதுதான் இந்த வேலையின் அரிச்சுவடி. நான் பார்த்தேன். டயரும் தெரிந்தது, மேடை விளிம்பும் தெரிந்தது. எது உள்ளே, எது வெளியே என்று மூளைக்கு எட்டவில்லை. பட்டனை அழுத்தி சீட்டு கொடுத்துவிட்டேன்.

அந்தச் சீட்டை நம்பித்தான் துறைமுகத்தில் கிரேன் தூக்கும், கப்பலில் எந்தப் பெட்டி கீழே, எந்தப் பெட்டி மேலே என்று அடுக்குவார்கள். கனமான பெட்டியை லேசானது என்று எண்ணி உச்சியில் வைத்தால் அடுக்கே சரியும். நல்ல வேளை, துறைமுக கேட்டில் மறுபடி எடை பார்த்துப் பிடித்துவிட்டார்கள். பெட்டி திரும்பி வந்தது, கப்பல் அதை விட்டுவிட்டுப் போனது.

முருகேசன் கண்ணாடியைத் தட்டினார். "இன்னாக்கா, நீயே இப்டி பண்ணிட்ட? ஒடம்பு கிடம்பு சரியில்லியா? மூஞ்சே வெளுத்துப் போய்க் கீது."

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நான் ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் ஒன்றும் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். அன்றைக்கு என்னை எடை போடுகிற நாள்.

2. பச்சையும் சிவப்பும்

அதற்கு நான்கு மாதம் முன்னால் எங்கள் எச்.ஆர். அதிகாரி கேன்டீன் வாசலில் ஒரு தராசைக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்துச் சுவரில் ஒரு சார்ட், அதில் எல்லார் பெயரும். திங்கள்தோறும் ஏறி நிற்க வேண்டும். எடை குறைந்தவர் பெயருக்கு நேராகப் பச்சை, கூடியவருக்குச் சிவப்பு. "ஹெல்த் சேலஞ்ச், மேடம். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்றார்.

எனக்கு ஆரம்பத்தில் பிடித்துத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. எடை என் தொழில். அதில் யாரும் என்னை மிஞ்ச முடியாது என்ற திமிர். வீட்டிலும் ஒரு பாத்ரூம் தராசு வாங்கி வைத்தேன். லாரியை எப்படி எடை போடுவேனோ அப்படியே என்னைப் போட்டேன். காலியாக இருக்கும்போது ஒரு எடை: விடிகாலை, கக்கூஸ் போய் வந்து, காபிக்கு முன்னால், சங்கிலியும் வளையலும் கழற்றிவிட்டு. லோடு ஏற்றிய பிறகு இன்னொரு எடை: சாப்பிட்டு முடித்ததும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நோட்டில் எழுதினேன். சோற்றுக்கு எவ்வளவு, மீன் குழம்புக்கு எவ்வளவு என்று லோடு கணக்கு. உலகத்தில் வே-பிரிட்ஜ்காரியைத் தவிர வேறு எந்தப் பைத்தியமும் இப்படிச் செய்திருக்காது.

என் வீட்டுக்காரர் அந்தோணி, போட் இன்ஜின் மெக்கானிக். ஒரு நாள் பாத்ரூம் கதவருகே நின்று பார்த்தார்.

"இன்னாமே, தெனம் ஏறி ஏறி எறங்குற? லாரிக்குத்தான் மேல போர்டுல எவ்ளோ ஏத்தலாம்னு எய்திகீது. உனக்கு எங்க எய்திகீது?"

"யோவ், வேலையப் பாத்துகினு போ" என்றேன்.

மூன்று வாரம் பச்சை வந்தது. கேன்டீனில் கைதட்டினார்கள். நான்காம் வாரம் சிவப்பு. என் தம்பி மகளுக்குக் கல்யாணம், இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டிருந்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பையன்கள், "அக்கா ஓவர்லோடு" என்று கத்தினார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன். அன்றிலிருந்து ஞாயிறு ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினேன். பிறகு சனிக்கிழமை ராத்திரியும் போனது. திங்கட்கிழமை தராசை விட்டு இறங்கும்வரை தண்ணீரும் கிடையாது.

கேட் பாஸ் கவுன்டரில் இருக்கும் ஜமீலா தண்டையார்பேட்டைக்காரி. என்னோடு பத்து வருடமாக ஒரே மேஜையில் சாப்பிடுகிறவள். வருடா வருடம் முப்பது நாள் நோன்பு இருந்துகொண்டே டியூட்டி பார்ப்பவள். நானும் தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பவள்தான், பட்டினி எங்கள் இரண்டு பேருக்கும் புதிதில்லை. ஒரு திங்கட்கிழமை காலை அவள் நீட்டிய இட்லியை நான் தள்ளிவிட்டேன்.

"ரெஜினாக்கா, நோன்புன்னா சாயங்காலம் தொறக்க ஒரு நேரம் கீது. உன்னுது எப்போ தொறக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விட்டேன். அச்சு வெளியே நின்ற திங்கட்கிழமை, எச்.ஆர். அதிகாரிக்கு ஏதோ மீட்டிங். எட்டரைக்கு நடக்கிற எடை பதினொன்றுக்குத் தள்ளிப்போனது. பத்தரைக்கு முருகேசன் வந்தார்.

3. எடைக்கல்

மறுநாள் மெமோ வந்தது. மூன்று நாளில் விளக்கம் எழுதித் தர வேண்டும். வே-பிரிட்ஜ் பொறுப்பாளருக்குத் தப்பான சீட்டுக்காக மெமோ என்றால் லேசான விஷயமில்லை. சீட்டில் என் கையெழுத்துக்குத்தான் மதிப்பு. அது போனால் அந்த நாற்காலியில் எனக்கு வேலையில்லை.

அன்றைக்கே வே-பிரிட்ஜைச் சோதிக்க காலிபரேஷன் டெக்னீஷியன் குமார் வந்தார். மெஷினில் கோளாறு இருக்கட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன், வெட்கமில்லாமல். குமார் டெஸ்ட் வெயிட்டுகளை மேடையின் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார். "மெஷினு ஸோக்கா கீதுக்கா. ஒரு கொறையும் இல்ல" என்றார்.

சோதனை இரண்டு நாள் நடந்தது. இரண்டாம் நாள் நான் வீட்டுத் தராசை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுபோனேன். இதுவாவது பொய் சொல்லியிருக்க வேண்டும், நான்கு மாதம் என்னை ஏமாற்றியிருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. குமார் இருபது கிலோ கல்லை அதன் மேல் வைத்தார். இருபது காட்டியது. இன்னொன்று வைத்தார். நாற்பது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி நாற்பது.

"நல்ல தராசுக்கா. எங்க வாங்கின?"

தராசைப் பைக்குள் திணித்தேன். தராசு சரி, வே-பிரிட்ஜ் சரி. அறைக்குள் போய் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு லாரி வந்தால் யாராவது ஒரு கேள்வியோடுதான் எடை கேட்பார்கள். ரோட்டில் போகலாமா, கிரேன் தூக்குமா, கப்பலில் எங்கே வைப்பது. எடை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும். நான் என் தராசிடம் என்ன கேட்டேன்? தினமும் காலையில் ஏறி, இன்றைக்கு நான் நல்லவளா, இன்றைக்குச் சாப்பிட எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டிருக்கிறேன். அதற்கு அந்தச் சனியன் கிலோவில் பதில் சொல்லியிருக்கிறது. எவ்வளவு சரியான தராசாக இருந்தால்தான் என்ன.

4. விளக்கம்

எச்.ஆர். அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், கண் மங்கலா இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. கண்ணாடி மாத்திட்டேன்னு போடுங்க. முடிச்சிடலாம்."

நல்ல யோசனைதான். என் கையெழுத்து தப்பிக்கும், அவருடைய சார்ட்டும் தப்பிக்கும். ராத்திரி முழுக்க யோசித்தேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். அவருடைய அறையை விட்டு நான் வெளியே வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். கோபம் அவ்வளவு.

நான் எழுதிய விளக்கம் இவ்வளவுதான்: "திங்கட்கிழமை சார்ட்டில் சிவப்பு விழக்கூடாது என்பதற்காக இருபது மணி நேரம் பட்டினி கிடந்தேன். அந்த நிலையில் நாற்காலியில் உட்கார்ந்தது என் தப்பு. என் கண்ணில் கோளாறு இல்லை. மெஷினிலும் கோளாறு இல்லை."

டெர்மினல் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தாதவர். காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

எச்.ஆர். முந்திக்கொண்டார். "சார், அது வாலன்டரி ப்ரோகிராம். யாரையும் பட்டினி கிடக்கச் சொல்லலை."

"சொல்லல சார்" என்றேன். "என் பேருக்கு நேரா செவப்பு அடிச்சு, சோறு துன்ற எடத்துல மாட்டி வச்சீங்க. அப்பறம் வாய வுட்டு வேற சொல்லணுமா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். "ரெஜினா, உடம்பு சரியில்லாம சீட்ல உட்கார்ந்தேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இதுக்கப்புறம் நான் உங்கள வே-பிரிட்ஜ்ல வைக்க முடியாது, தெரியுதுல்லா?"

"தெரியும் சார். எடுத்துடுங்க. தப்பு என்னுது. ஆனா நாளைக்கு அந்தச் சீட்ல வேற ஒருத்தர் குந்துவாரு. அவரு பேரும் அந்தச் சார்ட்டுல கீது."

மூன்று மாதம் கேட் பாஸ் கவுன்டர் என்று உத்தரவு வந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டே டியூட்டிக்குப் போனேன். வலித்தது.

சார்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்த திங்கட்கிழமை கேன்டீன் வாசலில் எச்.ஆர். அதிகாரி என் பெயரைக் கூப்பிட்டார். நான் தட்டோடு வரிசையில் நின்றேன்.

"நான் ஏறமாட்டேன் சார்."

"அப்ரைசல்ல நான்-கோஆப்பரேஷன்னு எழுத வேண்டியிருக்கும், மேடம்."

"தாராளமா எய்துங்க. பேனா இல்லன்னா நான் தரேன்." பேனாவை எடுத்தேன், அவரிடம் கொடுக்கவில்லை. சார்ட்டில் என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன், நன்றாக அழுத்தி. பிறகு போய் இரண்டு தோசை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவசரத்தில் சட்னியை மேஜையில் சிந்தினேன். இரண்டையும் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த வாரம் சார்ட்டில் இன்னும் நான்கு பெயர் அடித்திருந்தது. யார் அடித்தது என்று கேட்டால் எல்லாரும் மேலே ஃபேனைப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் பாதிப் பெயர் இல்லை. ஒரு நாள் சார்ட்டே இல்லை.

5. போதும் என்று தெரிவது

சுவரில் இருந்த சார்ட்டைக் கிழிப்பது சுலபம். மண்டைக்குள் இருப்பதைக் கிழிக்க முடியவில்லை. அந்தோணி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு டயட்டீஷியனிடம் அனுப்பினார். சின்னப் பெண். என்ன சாப்பிட வேண்டும் என்று எழுதித் தருவாள் என்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"சார்ட் எல்லாம் இல்லைம்மா. உங்களுக்கு எப்போ பசிக்கும்?" என்றாள்.

"காலைல எட்டரை, மத்தியானம் ஒன்றரை."

"அது சாப்பாட்டு நேரம். பசி எப்போ வரும்?"

நோட்டை மூடினேன். ஐம்பத்தாறு வயதில் எனக்குப் பசி எப்போது வரும் என்று எனக்கே தெரியவில்லை. அவள் இதற்கு இன்டியூட்டிவ் ஈட்டிங் என்று பெயர் சொன்னாள். பசித்தால் சாப்பிடு, பிடித்ததைச் சாப்பிடு, போதும் என்று வயிறு சொன்னால் நிறுத்து. இதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் வேறா என்று நினைத்தேன். செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஏர் பிரேக் பிடிக்காத ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதைவிடக் கஷ்டம்.

முதல் வாரம் அவிழ்த்துவிட்ட மாடுதான் நான். பர்மா நூடுல்ஸான அத்தோ இரண்டு தட்டு, மேலே மொறுமொறு பேஜோ, அதற்கு மேல் ஜமீலா கொண்டுவந்த பிரியாணி. வாந்தி எடுத்தேன். விடிகாலையில் எழுந்து, பரணில் போட்டிருந்த தராசை ஸ்டூல் போட்டு இறக்கி, ஏறி நின்றேன். எண்ணைப் பார்த்ததும் அன்றைக்கு முழுக்கப் பட்டினி கிடக்கலாம் என்று மனசு தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தோணி விழித்துக்கொண்டு, ஸ்டூலையும் என்னையும் பார்த்தார். "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டார். அவர் குரல் உடைந்திருந்தது. முப்பது வருடத்தில் நான் கேட்டிராத குரல்.

அன்றைக்கே தராசைக் கீழ்த்தெரு காயலான் கடைக்குக் கொண்டுபோனேன். "நல்லாத்தானே கீது, இன்னாத்துக்குப் போடுற?" என்று கடைக்காரர் கேட்டார். "அதான் பேஜாரு. நல்லா கீது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அதைத் தூக்கித் தன் தராசில் வைத்தார். எத்தனை காட்டியது என்று நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் ஒரே நாளில் ஒன்றும் சரியாகிவிடவில்லை. பசிக்கிறதா, பயமா, வெறும் அலுப்பா என்று பிரித்துப் பார்க்க இரண்டு மாதம் ஆனது. எனக்குக் காலையில் எட்டரைக்குப் பசிப்பதே இல்லை, பத்து மணிக்குத்தான் பசிக்கிறது. இத்தனை வருடம் இது தெரியாமல் இருந்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுறாப்புட்டும் சோறும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதித் தட்டில் கை தானாக நின்றது.

"இன்னாமே, உப்பு கம்மியா?" என்றார் அந்தோணி.

"நல்லாத்தான் கீது. போதும்."

"போதுமா? சொறாப்புட்டு, உனக்கு?"

"போதும்யா" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. யாரும் சொல்லாமல், எந்த எண்ணும் காட்டாமல் எனக்கே தெரிந்த முதல் போதும் அது.

எடை கூடியதா, குறைந்ததா என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். ஜாக்கெட்டுகளின் பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்தச் சொல்லி டெய்லரிடம் கொடுத்தேன், அதை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். டாக்டர் சொன்ன பிரஷர் மாத்திரையைப் போடுகிறேன், கேட்டால் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கிறேன். கிலோ கணக்கு மட்டும் எனக்கு வேண்டாம்.

6. கூவாதே

மூன்று மாதம் முடிந்து மேனேஜர் கூப்பிட்டார். நாற்காலியைத் திருப்பித் தரத் தயார், ஆனால் வருடாந்திர மெடிக்கல் கேம்ப்பின் படிவத்தில் எடைக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது, அது விதி என்றார். எச்.ஆர். அதிகாரி பக்கத்தில் நின்றார், இந்தத் தடவை இவள் ஏறித்தானே ஆக வேண்டும் என்கிற முகத்தோடு.

"ஏறுறேன் சார். டாக்டருக்கு வேணும்னா அவருக்குத் தெரியட்டும். எனக்கும் சொல்லக்கூடாது, ஊருக்கும் சொல்லக்கூடாது."

"அதெல்லாம் நீங்க சொல்ல முடியாது, மேடம்" என்றார் எச்.ஆர்.

மேனேஜர் அங்கேயே என் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மறுநாளே என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடம் இப்போது மாறிவிட்டது. கேமரா, இண்டிகேட்டர், சீட்டு எல்லாம் அப்புறம். பசியோடு இந்த நாற்காலியில் உட்காராதே, பட்டினி கிடந்து வேலை பார்ப்பதை யாராவது பாராட்டினால் அவரை நம்பாதே.

மெடிக்கல் கேம்ப் கேன்டீன் ஹாலில் நடந்தது. நூறு பேர் வரிசையில். ஒரு நர்ஸ் தராசைப் பார்த்து எண்ணை உரக்கச் சொல்வாள், மேஜையில் இருக்கும் இன்னொருத்தி எழுதிக்கொள்வாள். ஒவ்வொரு எண்ணுக்கும் வரிசையில் ஒரு சிரிப்பு, ஒரு விசில். எச்.ஆர். அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

என் முறை வந்தது. செருப்பைக் கழற்றினேன். தராசில் ஏறி, எண் தெரியும் பக்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.

நர்ஸ் விழித்தாள். "இந்தப் பக்கம் திரும்புங்கம்மா."

"வேணாம்மா. நீ பாத்து எய்திக்க. சத்தமா சொல்லாத."

"எல்லாருக்கும் சொல்லிக்கினுதானே கீறோம்?"

"காசிமேட்டுல மீனத்தான் கூவி ஏலம் வுடுவாங்க" என்றேன். ஹாலுக்கே கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். "நான் மீனு இல்ல."

யாரும் விசிலடிக்கவில்லை. எச்.ஆர். அதிகாரி சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார், கட்டியிருந்த கையை இறக்கினார். நர்ஸ் மேஜைக்கு நடந்துபோய்க் குனிந்து எழுதினாள். எனக்குப் பின்னால் நின்ற ஜமீலா ஏறினாள், அவளும் திரும்பி நின்றாள். அவளுக்குப் பின்னால் முருகேசன், தொப்பையைத் தடவிக்கொண்டே, "எனக்கும் கூவாத தாயி" என்றார்.

என் எடை அந்தப் பதிவேட்டில் எங்கேயோ இருக்கிறது. வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மணி பத்தாகியிருந்தது, எனக்குப் பசித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு சாப்பிடப் போனேன்.